அமுங்கியே இருந்த பட்டன்

ஆம்பூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், தையல் மிஷின் ரிப்பேர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில், முன்பு ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஆள் உயரத்துக்கு ஆறு பெட்டிகள். ஐந்தில் ஒருவனை ஒருவன் அடித்து வீழ்த்துகிற ஆட்டம். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் மொய்ப்பார்கள். மூலையில் இருந்த ஆறாவது பெட்டியில் விண்வெளிக் கப்பல் ஆட்டம். அதை நானும் அவனும்தான் ஆடினோம்.

அவன் என் நண்பன். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் எனக்குப் பக்கத்து மிஷின். இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயது இருக்கும். எனக்கு வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நான் நேராக அந்தக் கடைக்குப் போவேன். அவன் குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பான். "ஜெபம் ஜாஸ்தி ஆய்டுச்சா இன்னைக்கு?" என்பான். மீசை முளைத்த இரண்டு தடியன்கள் பொம்மைக் கப்பல் ஓட்டுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும். எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குப் பல வருடமாக ஆசை. எழுத உட்கார்ந்தால் அவனுடைய கையைப் பற்றி எழுத வேண்டி வரும். அதனால் எழுதாமல் விட்டேன். இப்போது அவனிடம் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஆட்டத்தில் திரை தானாக நகரும். அதுதான் அதன் குணம். நாம் முன்னால் போகலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியதில்லை. நிற்க முடியாது, திரும்பவும் முடியாது. வலது ஓரத்திலிருந்து எல்லாம் வந்துகொண்டே இருக்கும். பாறைகள், இரும்புச் சுவர்கள், வளைந்து வளைந்து வரும் குட்டி விமானங்கள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பாதித் திரையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய ஜந்து வரும். அதன் நெஞ்சில் சிவப்பாக ஒரு கண் திறந்து மூடும். திறக்கும்போது அடித்தால்தான் அது சாகும். நமக்கு மூன்று உயிர். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், ஆளுக்கொரு கப்பல். என்னுடையது நீலம், அவனுடையது சிவப்பு.

இடது கையில் கப்பலைத் திருப்புகிற குச்சி. வலது கைக்கு இரண்டு பட்டன், ஒன்று சுடுவதற்கு, இன்னொன்று எப்போதாவது போடுகிற பெரிய குண்டுக்கு. சுடுகிற பட்டனை அமுக்கிப் பிடித்தாலே குண்டுகள் வரிசையாகப் போகும். விட்டால் நின்றுவிடும். ஆறு நாள் கம்பெனியில் பட்டன் அமுக்கிவிட்டு ஏழாவது நாளும் வந்து பட்டன் அமுக்கினால் கட்டை விரல் என்ன ஆகும்? வீங்கிப்போகும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்பெனிக் கழிவில் கிடந்த தடித்த தோலில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, பட்டனை அமுக்கி, அதற்கும் அதன் வளையத்துக்கும் நடுவில் செருகினேன். பட்டன் அமுங்கியபடியே நின்றது. கப்பல் சுட்டுக்கொண்டே போனது. என் வலது கை சும்மா இருந்தது. அதில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஆடினேன்.

கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாபா இது, பட்டனு பூடும். வேலைல காட்டுறதில்ல இந்த மூளைய" என்றார்.

வேலையில் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

கட்டிங் மிஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேஜையில் தோலை விரித்து, அதன்மேல் டையை வைப்போம். டை என்பது ஷூவின் பாகம் எந்த வடிவமோ அந்த வடிவத்தில் வளைத்த இரும்பு. அதன் கீழ் விளிம்பு கத்தி. பக்கத்தில் ஒதுங்கி நிற்கிற கனமான இரும்புக் கையை இழுத்து டைக்கு மேலே கொண்டுவந்து அமுக்கினால், ஒரே இடியில் தோல் வெட்டுப்படும். அந்த இரும்புக் கையில் இரண்டு கைப்பிடி, கைப்பிடிக்கு ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் அது இறங்கும். ஒன்றை மட்டும் அமுக்கினால் அசையாது. மிஷினைச் செய்தவனுக்கு மனிதனைப் பற்றித் தெரிந்திருக்கிறது. இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அடியில் இருக்காது.

நான் இடது பட்டனில் தோல் துண்டைச் செருகினேன். இனி வலது கையால் மட்டும் மிஷினை இறக்கலாம். இடது கை டையை நகர்த்தும், வெட்டின துண்டை எடுக்கும், அடுத்த இடத்தைத் தடவிப் பார்க்கும். தோலில் உண்ணி கடித்த தழும்பு இருக்கும், முள்வேலி கிழித்த கோடு இருக்கும். அதையெல்லாம் ஒதுக்கித்தான் டை வைக்க வேண்டும். அந்தக் கை விடுபட்டதும் என் வேகம் ஒன்றரை மடங்கு ஆனது. இரண்டு வாரத்தில் செக்‌ஷன் முழுக்க எல்லா மிஷினிலும் தோல் துண்டு. ஆளுக்கு ஒன்று, அவரவர் வெட்டினது. என்னுடையதில் ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், நகத்தால் கெல்லி எடுக்க வசதியாக. அவன் அதைப் பார்த்துக் கிண்டல் செய்வான். "உன் துண்டுக்குக் காது குத்திக்கிறியா?" என்பான்.

சூப்பர்வைசருக்குத் தெரியும். எல்லாரும் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்றதும் டார்கெட்டைக் கூட்டினார்கள். கூட்டின பிறகு துண்டு இல்லாமல் யாராலும் அந்த டார்கெட்டைத் தொட முடியவில்லை. அப்போதே எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும். நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பில் மிதந்துகொண்டிருந்தேன்.

எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பார்ட்டி ஆடிட்டுக்கு வருகிற நாளில் மட்டும் துண்டு இருக்கக் கூடாது. முந்தின நாளே சூப்பர்வைசர் ஒவ்வொரு மிஷினாக வந்து, "நாளைக்கு இன்னாவும் கண்ல படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்று காலை துண்டுகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். கையுறை, முகமூடி, காதுக்குப் பஞ்சு எல்லாம் வரும். இரண்டு கையாலும் பவ்யமாக அமுக்குவோம். அவர்கள் அட்டையில் டிக் அடித்துக்கொண்டு போவார்கள். கார் கேட்டைத் தாண்டியதும் வாட்ச்மேன் போன் செய்வார். சூப்பர்வைசர் செக்‌ஷன் நடுவில் வந்து நின்று கையுறையைக் கழற்றுவார். அதுதான் அடையாளம். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை. அவர் கழற்றினதும் எல்லார் கையும் சட்டைப் பைக்குப் போகும்.

அன்று ஆடிட் மூன்று மணிக்கு முடிந்தது. என் மிஷின் ஜன்னல் பக்கம். கார் கேட்டைத் தாண்டுவதை நானே பார்த்துவிட்டேன். அன்றைக்கு வெட்டி முடிக்க வேண்டிய என் லாட்டில் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. அடையாளத்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. துண்டை எடுத்துச் செருகினேன். ஐந்து நிமிடம் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான். செருகின கையோடு, தோல் தீரப்போகிறது என்று ஸ்டோருக்குப் போனேன்.

அவன் தன் லாட்டை முடித்திருந்தான். எங்களுக்குள் ஒரு வழக்கம். முன்னால் முடிக்கிறவன் மற்றவன் லாட்டில் கை கொடுப்பான். என் மிஷினுக்கு வந்தான். மேஜையில் ஒரு ஓரத் தோல் மிச்சமிருந்தது. டையை வைத்தான், இரும்புக் கையை இழுத்தான். டை கொஞ்சம் கோணலாக இருந்திருக்கிறது. வலது கட்டை விரல் பட்டனில் இருக்க, இடது கையால் டையை நேராக்கினான். சூப்பர்வைசர் இன்னும் கையுறை கழற்றவில்லை. அப்படியானால் எந்த மிஷினிலும் துண்டு இருக்காது. ஒற்றைப் பட்டனை அமுக்கினால் ஒன்றும் ஆகாது. அவன் நம்பினது அதைத்தான்.

ஸ்டோரில் நின்ற எனக்கு இடி கேட்டது. அடுத்த இடி கேட்கவில்லை. பிறகுதான் அவன் குரல் கேட்டது.

ஓடி வந்தபோது நாலைந்து பேர் சேர்ந்து இரும்புக் கையைத் தூக்கி விலக்கியிருந்தார்கள். ஒருவர் தன் சட்டையைக் கழற்றி அவன் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாரும் அவனைச் சூழ்ந்து நின்றார்கள். மிஷினை ஒருவரும் பார்க்கவில்லை. நான் அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கை இடது கைப்பிடிக்குப் போனது. துண்டைக் கெல்லி எடுத்துப் பேன்ட் பைக்குள் போட்டேன். காது குத்தின துண்டு, சட்டென்று வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை. ஆனால் முதலில் போனது கை.

இடது கையில் நாலு விரலும் போய்விட்டது. கட்டை விரல் மட்டும் தங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்தான்.

மூன்றாம் நாள் கம்பெனியில் விசாரணை. நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதே மிஷினை ஆள் வைத்துப் பத்து முறை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். பத்து முறையும் இரண்டு பட்டன் அமுக்கினால்தான் இறங்கியது. நடுவில் இருந்தவர் என்னிடம் கேட்டார். "பட்டன்ல ஏதாச்சும் வச்சிருந்தியா?"

"இல்ல சார்."

"வேற யாராச்சும் வைக்கிற பழக்கம் உண்டா?"

சூப்பர்வைசர் சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல சார்" என்றேன்.

மிஷினில் பழுது இல்லை, தொழிலாளி முறை தவறி இயக்கியிருக்கிறார் என்று எழுதினார்கள். ஒரு பட்டனைக் கையாலும் இன்னொன்றை உடம்பின் வேறு ஏதோ பாகத்தாலும் அமுக்கியிருக்கலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் அவனைப் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கும்வரை காத்திருந்து கேட்டான்.

"டேய், நான் ஒரு பட்டன்தான அமுக்கினேன். எப்டிடா எறங்குச்சி?"

நான் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"துண்டு வச்சிருந்தியா நீ?"

"ஆடிட் அன்னைக்கு யார்ரா வைப்பா? அவரு கையுறையே கழட்டல."

"அதான" என்றான். "அதான நானும் நெனைச்சேன்." கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்ப நான்தான் இன்னாவோ தப்பு பண்ணிட்டேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தப்பித்தேன் என்றுதான் இருந்தது. வெளியே வந்து டீ குடித்தேன். டீ நன்றாகக்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

குடியாத்தத்தில் அவன் வீட்டில் இரண்டு பவர்லூம். லுங்கி நெய்கிற குடும்பம். கம்பெனி வேண்டாம், வந்து தறியைப் பார் என்றார் அவன் அப்பா. அறுந்த இழையை முடிய இரண்டு கை வேண்டும். கட்டை விரலை வைத்துப் பழகிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் பழகவில்லை. கை போனதுகூடக் காரணம் இல்லை. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கவே அவனுக்குப் பயம். "நான் எதுல கைய வைப்பேன்னு எனக்கே தெரியாதுப்பா" என்றான். அவர் கோபித்துக்கொண்டார், கெஞ்சினார், பிறகு விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவனுக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை. வயிற்றால் அமுக்கினேனா, முழங்கையால் அமுக்கினேனா என்று வெறும் சுவரின் முன் நின்று செய்து பார்ப்பான். கல்யாணம் ஆனது. அவன் மனைவி எங்கள் கம்பெனியிலேயே தையல் செக்‌ஷனில் சேர்ந்தாள். கம்பெனி பஸ்ஸில் காலையில் போய் இருட்டும்போது வருவாள். வீட்டில் அவன் அடுப்பைப் பற்ற வைக்க மாட்டான். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பான், பிறகு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்வான். மொபெட் ஓட்டுவதை விட்டான். மகள் பிறந்தபோது அவளைத் தூக்கவே இல்லை. உட்கார்ந்த பிறகு யாராவது மடியில் வைத்தால்தான் உண்டு. தெருவில் போகும்போது அவள் கையைப் பிடிக்க மாட்டான். "நீ முன்னால போ, நான் பார்த்துனே வர்றேன்" என்பான்.

அவன் மனைவி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் கம்பெனி கேன்டீனில் சொன்னாள். "கை போனது பரவால்லண்ணா. மனுசனுக்குத் தைரியம் போய்டுச்சி. எப்பப் பாத்தாலும் அந்த ஒரு பட்டன் கதைதான். பேஜாரா கீது. நீங்க சொன்னா கேப்பாரு, கொஞ்சம் சொல்லுங்க."

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்றே வார்த்தை. துண்டை நான்தான் வைத்தேன். சொன்னால் அவன் பூட்டின கதவைத் திரும்ப இழுத்துப் பார்க்க மாட்டான். பெண்ணைத் தூக்குவான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வருடத்துக்கு நாலு தடவை குடியாத்தம் போய், அவன் வீட்டில் சாப்பிட்டு, அவன் பட்டன் கதையைக் கேட்டு, "விட்றா, அது ஏதோ கெரகம்" என்று தோளைத் தட்டிவிட்டு வந்தேன். இப்படிப் பதினேழு வருடம்.

இதற்கிடையில் நான் கட்டிங் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர் ஆனேன். மிஷின்கள் மாறிவிட்டன. புதியவற்றில் கையை நீட்டினாலே நின்றுவிடும். பழையது நாலைந்து மிச்சம் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம் நான்தான் எடுப்பேன். "ரெண்டு கை, ரெண்டு பட்டன்" என்று தொண்டை கிழியச் சொல்வேன். யாராவது துண்டு செருகியிருந்தால் அவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பிசாசு என்பார்கள். அந்தப் பெயரில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. தண்டனை அனுபவிக்கிற மாதிரி ஒரு பாவனை. அவனுக்கு அதனால் என்ன லாபம்? ஒன்றும் இல்லை.

அந்தத் துண்டை நான் எறியவில்லை. பர்ஸில், போட்டோ வைக்கிற பகுதிக்குப் பின்னால் வைத்திருந்தேன். பர்ஸ் மூன்று மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் அதையும் எடுத்து மாற்றினேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

போன வருடம் கம்பெனியில் ஏலகிரிக்கு டூர் கூட்டிப்போனார்கள். குடும்பத்தோடு வரலாம். அவன் மனைவி வற்புறுத்தி அவனையும் கூட்டி வந்தாள், மகளும் வந்தாள். பதின்மூன்று வயது, உயரமாக வளர்ந்துவிட்டாள். பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். வளைவுகளில் முன் சீட்டுக் கம்பியை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தான்.

மேலே ஏரிக்கரையில் படகுத்துறை. அதற்குப் போகிற வழியில் பலூன் சுடுகிற கடை, மிளகாய் பஜ்ஜிக் கடை, தகரக் கொட்டகையில் ஒரு விளையாட்டுக் கூடம். மகள் மிதி படகில் போக வேண்டும் என்றாள். இரண்டு பேர் மிதிக்கிற படகு. "அப்பா, நீ வா" என்றாள். "எனக்கு ஆகாதுமா. தண்ணி. அம்மாவக் கூட்டினு போ" என்றான். இந்தப் பதிலை அவள் எதிர்பார்த்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அம்மாவும் மகளும் பஜ்ஜி வாங்கப் போனார்கள். நாங்கள் நிழலுக்காகக் கொட்டகைக்குள் ஒதுங்கினோம்.

உள்ளே அந்த ஆட்டம் இருந்தது. பெட்டி வேறு, பெயின்ட் வேறு, ஆட்டம் அதே. நீலக் கப்பலும் சிவப்புக் கப்பலும் திரையில் தானாகப் போய்க்கொண்டிருந்தன. அவன் நின்றுவிட்டான். அவன் முகம் இத்தனை வருடத்தில் நான் பார்க்காத மாதிரி மலர்ந்தது.

"டேய்" என்றான். "இது இன்னும் கீதுடா."

டோக்கன் வாங்கினேன். வலது கையால் குச்சியைப் பிடித்தான். இடது கட்டை விரலைக் குறுக்கே கொண்டுவந்து பட்டனை அமுக்கிப் பார்த்தான். கை பின்னிக்கொண்டது. முதல் சுவரிலேயே கப்பல் மோதி வெடித்தது. சிரித்தான். "பாய் கடைல பண்ணுவமே, அதப் பண்ணு. தோலு கீலு ஏதாச்சும் வச்சிக்கிறியா?"

"இங்க தோலுக்கு எங்கடா போறது?"

"பஸ் டிக்கெட்டு, அட்டை, எதனா மடிச்சி வைக்கலாம். பர்ஸக் குடு."

கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் சாக்குச் சொன்னவனுக்கு அது ஒரு பெரிய காரியமா? எடுத்துக் கொடுத்துவிட்டேன். தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். அசந்துவிட்டேன், அவ்வளவுதான். நானாக அவனிடம் உண்மையைச் சொன்னேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பெட்டியின் மேல் பர்ஸை விரித்து வைத்து ஒற்றைக் கையால் துழாவினான். என் பிள்ளைகளின் போட்டோவை இழுத்தபோது அதன் பின்னாலிருந்து துண்டு விழுந்தது. எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். வியர்வை ஏறிக் கறுத்திருந்தது. ஓரத்தில் இருந்த வெட்டைக் கட்டை விரலால் தடவினான்.

கூடத்தில் வேறு பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் பட்டனை அமுக்கித் துண்டைச் செருகினான். சரியாகப் பொருந்தியது. மறுபடி ஒரு டோக்கன் போட்டான். கப்பல் சுட ஆரம்பித்தது. வலது கையால் குச்சியைத் திருப்பி ஆடினான். முதல் கட்டம் தாண்டினான். ஜந்து வந்தது, கண் திறந்தபோது அடித்தான். கை தடுமாறவே இல்லை. எங்கே என்ன வரும் என்று எல்லாம் ஞாபகம் வைத்திருந்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அன்னைக்கு வச்சிருந்தியா?"

"ம்" என்றேன்.

"நான் வந்து கேட்டப்ப பொய்தான் சொன்னியா?" பிறகு தானே திருத்திக்கொண்டான். "நீ வந்தப்ப. ஆஸ்பத்திரில."

"ஆமாடா."

இரண்டாம் கட்டத்தின் நடுவில் ஒரு உயிர் போனது. மூன்றாவதில் மிச்ச இரண்டும் போயின. அடுத்த டோக்கன் போடச் சொல்லிப் பத்திலிருந்து கீழே எண்கள் இறங்கின. அவன் நான் எதிர்பார்த்தபடி அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"பதினேழு வருசமா என் கையையே நான் சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன்டா" என்றான். "நல்லா இருக்கிற கையையும்."

வெளியே போனான். மகள் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தாள். அவள் தோளில் வலது கையைப் போட்டு ஏதோ சொன்னான். அவள் நம்பாமல் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இருவரும் படகுத்துறைக்கு இறங்கினார்கள். அவன் முதலில் படகில் ஏறி நின்று, அவள் இறங்குவதற்குக் கை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். படகு ஏரியின் நடுவுக்குப் போகும்வரை நான் கொட்டகை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய்த் துண்டைக் கெல்லி எடுத்தேன்.

இறங்கும்போது பஸ்ஸில் அவன் முன்னால் மகளோடு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. நான் குடியாத்தம் போகவும் இல்லை. போய் என்ன முகத்தைக் காட்டுவது?

போன மாதம் கேன்டீனில் அவன் மனைவி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"அண்ணா, அவரு வண்டி ஓட்டுறாருண்ணா. காலைல என்னை பஸ்ஸுக்குக் கொணாந்து விடுறாரு. தறிப் பக்கம்கூடப் போறாரு. ஏலகிரிக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து ஆளே மாறிட்டாரு." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "உங்க பேர எடுத்தா மட்டும் எழுந்து போய்டுறாரு. கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்றாரு. உங்க ரெண்டு பேருக்குள்ள இன்னாண்ணா ஆச்சி?"

அவன் அவளிடம் சொல்லவில்லை. கம்பெனியிலும் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனைக்கும் பிறகு என் வேலைக்கும் பேருக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். சொல்ல வேண்டியவன் நான்தான். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ஒன்னும் இல்லமா" என்றேன்.